க.இ. என்று குறித்த நாற்பத்தொரு வீடுகள்

கல்லறைத் திருநாளன்று மாலை, ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கல்லறைத் தோட்டத்தில், இறந்தவர்களின் பட்டியலில் உயிரோடு இருக்கும் ஒரு மனிதனின் பெயரை ராயப்பன் கேட்டார்.

தன் காதுதான் தவறு செய்கிறது என்று முதலில் நினைத்தார். அறுபத்துமூன்று வயது. அதில் முப்பத்தோரு வருடம் லேத்துகளின் இரைச்சலில் கழிந்த காது. ஆனால் மைக்கில் படித்துக்கொண்டிருந்த பெனிஷாவின் உச்சரிப்பில் குறையே இல்லை. கம்பெனி ஒன்றில் எச்.ஆர். வேலை பார்க்கும் இருபத்துநான்கு வயதுப் பெண் அவள். ஜூன் மாதம் புதிதாக வந்த பங்குத்தந்தை மெல்வின் கேட்டுக்கொண்டதால், ஆலயத்தின் பழைய பதிவேடுகளை இரண்டு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். இந்தப் பட்டியலும் அதிலிருந்து எடுத்ததுதான்.

"பிரகாசம். அவர் மனைவி ஜோதிமேரி. இவர்களின் இரண்டு மகன்கள்."

ராயப்பன் கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய்ந்து, சூடான மெழுகு விரலில் வழிந்தது. பிரகாசம் சாகவில்லை. பேடரப்பள்ளியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தவன், இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

அடுத்து வந்த பெயரும் சாகாதவர் பெயர். அதற்கடுத்ததும் அப்படித்தான். பெனிஷா ஒரு பெயரைப் படித்து நிறுத்த, கூடியிருந்த அறுபது பேரும் ஜெபத்தின் அடுத்த வரியைச் சொன்னார்கள். ஒருவர்கூடத் தலை நிமிர்ந்து, என்ன இது என்று பார்க்கவில்லை. தப்பு என்று சொல்வதற்கு அந்தப் பெயர்களை யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டவர் ராயப்பன்.

"சின்னராஜ். அந்தோணம்மா. இவர்களின் பெண் குழந்தை."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சூசைமேரி முழங்கையால் இடித்தாள்.

"ஏங்க, இது அந்தக் கன்னடக்காரப் பொண்ணு பேரு இல்ல?"

"சும்மா இரு."

"அவ சாகலையே. பாகலூர் ரோட்டுல பையனக் கூட்டிக்கினு போனா, போன வாரம்கூட பாத்தேன்."

"சும்மா இருன்னு சொல்றனில்ல."

சூசைமேரி சும்மா இருந்தாள். ஆனால் ஜெபத்தின் அடுத்த வரியை அவளும் சொல்லவில்லை. பட்டியலில் அப்படி நாற்பத்தொரு குடும்பங்கள் வந்தன. நாற்பத்தொன்றும் முடியும் வரை ராயப்பன் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

நடந்தது என்ன என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பதிவேட்டில் அந்த நாற்பத்தொரு குடும்பங்களுக்கு நேராகச் சிவப்பு மையில் 'க.இ.' என்று இருக்கும். அவர் கையெழுத்து. கடிதம் இல்லை என்பதன் சுருக்கம். பெனிஷா அதைக் 'கல்லறையில் இளைப்பாறுவோர்' என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ராயப்பன் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தது எண்பத்தாறில். சட்டைப் பையில் ஊர்ப் பங்குத்தந்தை எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தது. 'இவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர், நல்ல கிறிஸ்தவர்' என்று இரண்டே வரி. அந்த இரண்டு வரி அவருக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தது, கம்பெனியில் ஒரு சிபாரிசு பிடித்துக் கொடுத்தது, பிறகு பெண்ணும் பார்த்துக் கொடுத்தது. கடிதத்தின் மேல் அவருக்கு இருந்த மரியாதை அப்படி வந்தது.

கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். வேலை எளிமையானது. கையில் கேஜ் என்று ஒரு இரும்புக் கருவி இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலோ, போகக் கூடாதது போய்விட்டாலோ, அந்தப் பொருள் சிவப்புப் பெட்டிக்குப் போகும். ஏன் தப்பாகிப்போனது, யார் செய்தது, அவனுக்கு உடம்பு சரியில்லையா என்றெல்லாம் பரிசோதகர் கேட்பதில்லை. தள்ளிய பொருளையும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இவர் கையைத் தாண்டி ஒரு கெட்ட பொருள் வெளியே போனதில்லை என்று பணி ஓய்வுக் கூட்டத்தில் மேனேஜர் சொன்னபோது ராயப்பனுக்குக் கண் கலங்கியது.

பதினெட்டு வருடம் அவர் பங்குப் பேரவையின் செயலராகவும் இருந்தார். சிப்காட்டில் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். தர்மபுரி, திருவண்ணாமலை, தூத்துக்குடி, எல்லை தாண்டி ஆனேக்கல் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தவர்கள், முடிந்ததும் ஆலய அலுவலகத்தின் வாசலில் தயங்கி நிற்பார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ராயப்பன் தலை நிமிராமல் கேட்பார்:

"நீங்க எந்தப் பங்கு?"

கத்தோலிக்கர்கள் தங்கள் ஆலயத்தையும் அதன் மக்களையும் சேர்த்துப் பங்கு என்பார்கள். ஒரு பொருளில் ஆளுக்கு உள்ள பாகத்தையும் பங்கு என்றுதான் தமிழில் சொல்கிறோம். கேள்வி கேட்பதற்கு வரவேற்பு போல இருக்கும். ஆனால் அது சல்லடை. ஊர்ப் பெயரைச் சொன்னால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். பேரவையில் இருந்த சிலருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. ராயப்பன் சாதி கேட்டதில்லை. அந்தத் திருப்தி அவருக்கு உண்டு. அவர் கேட்டது கடிதம் மட்டும்தான். சொந்த ஊரில் கோவிலுக்குள்ளேயே தனி வரிசை போட்டு உட்கார வைத்தவர்களிடம், செத்தால் தனிக் கல்லறைக்குப் போ என்றவர்களிடம் திரும்பிப் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு வா என்று சொல்கிறோம் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை. எட்டும் அளவுக்கு அவர் அதை யோசிக்கவில்லை. கடிதம் இல்லையா, சிவப்பு மை. நாற்பத்தொரு குடும்பங்களில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவர்கள்.

சின்னராஜும் அந்தோணம்மாவும் அந்தப் பாதியில் இல்லை. அவர்களிடம் கடிதம் இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஏப்ரல் மாதத்து ஞாயிறு. சின்னராஜ் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். அந்தோணம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு இருக்கும். இடுப்பில் மூன்று மாதக் குழந்தை, பூத்துண்டில் சுற்றியிருந்தது. அவள் நீட்டிய உறையைப் பிரித்துப் பார்த்தார் ராயப்பன். ஒரு பக்கம் முழுக்கக் கன்னட எழுத்து. கீழே கையெழுத்து, வட்ட முத்திரை.

"இது என்னாம்மா, கன்னடத்துல இருக்கு?"

"எங்க ஃபாதர் எழுதுனது சார். அவருக்குத் தமிழ் எழுத வராது."

"தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ வாங்கிட்டு வா."

"அவரு மாத்தலாகிப் போயிட்டாரு சார். நீங்களே யாரையாவது வெச்சுப் படிச்சு..."

"ரூல் இருக்கும்மா."

குழந்தை பெயர் என்ற கட்டத்தில் அவராகவே 'பெயர் வைக்கவில்லை' என்று எழுதினார். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், ஆகாத குழந்தைக்குப் பெயர் ஏது என்பது அவர் கணக்கு. பக்கத்தில் சிவப்பு மையில் க.இ. போட்டார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்து, பதிவேட்டின் பின்னட்டைக்குள் செருகிவைத்தார்.

மே மாதம் குழந்தை இறந்துபோனது. பங்குத்தந்தை வெளியூரில் இருந்தார். கல்லறைத் தோட்டத்துக் கேட்டின் சாவி செயலரிடம். பத்துப் பதினைந்து பேர் ஒரு சின்னப் பெட்டியோடு கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க, ராயப்பன் போன் போட்டார்.

"ரிஜிஸ்டர்ல சேத்திருக்கமா?" என்று பங்குத்தந்தை கேட்டார்.

"இல்ல, ஃபாதர்."

"லெட்டர் ஏதாவது?"

"இல்ல, ஃபாதர்."

இரண்டு 'இல்லை'. இரண்டாவது பொய். சொன்ன அந்த நொடியில் அது பொய் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. படிக்க முடியாத கடிதம் இல்லாத கடிதம்தானே. கேட் திறக்கவில்லை. சொர்க்கம், நரகம் எல்லாம் உண்டா என்பதை நம்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மூன்றடி நீளக் குழிக்குக்கூடக் கையெழுத்தும் முத்திரையும் கேட்ட அந்தக் கேட் இரும்பால் செய்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில் சின்னராஜ் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் முனிசாமி, அவர் இந்து, "ஏன்பா வெயில்ல நின்னுக்கினு, எங்க நெலத்துல வெச்சுக்கங்க" என்று சொல்லி அழைத்துப் போனார்.

அதற்குப் பிறகு ராயப்பன் எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டிருக்கிறார். மனைவியைத் திட்டியதைச் சொன்னார். தவக்காலத்து வெள்ளியில் கறி தின்றதைச் சொன்னார். இதைச் சொன்னதில்லை. விதிப்படி நடந்தது எப்படிப் பாவமாகும்?

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து பங்குப் பேரவை கூடியது; பழைய செயலர் என்று ராயப்பனையும் கூப்பிட்டிருந்தார்கள். ஃபாதர் மெல்வின் முப்பத்தாறு வயதுக்காரர், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லாதவர்.

"பேப்பர்ல முந்நூத்தி இருபது குடும்பம். இன்னைக்குப் பூசைக்கு வந்தது நூத்திப் பத்து ஆள். குடும்பம் இல்ல, ஆள். மத்தவங்க எங்க?"

"ஞாயித்துக்கிழமையும் ஷிப்ட் போடறானுங்க, ஃபாதர்."

"அல்லேலூயா பார்ட்டி வீடு வீடா வந்து புடிச்சிட்டுப் போயிடறாங்க. நாம புடிக்கறமா?"

"பூசை முடிஞ்சு பிரியாணி போடுங்க, நம்மாளு மட்டுமில்ல, பக்கத்துத் தெருவே வரும்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கோபுரத்தை உயர்த்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. மாதா கெபியில் எல்.இ.டி. விளக்குப் போடலாம் என்று இன்னொன்று. வந்தவர்களை ஏன் விரட்டினோம் என்று கேட்க அந்த அறையில் யாருக்கும் வாய் வரவில்லை.

கிரானைட் பாலிஷ் யூனிட் வைத்திருக்கும் சூசைநாதன் எழுந்தார். "நேத்து அந்தப் பேரெல்லாம் படிச்சப்ப மனசு என்னமோ பண்ணுச்சு, ஃபாதர். நம்ம பங்குல செத்தவங்க பேரை எல்லாம் ஒரு கருங்கல்லுல வெட்டி முன்னாடி வெப்போம். கல்லு நான் தரேன். அவங்க சொந்தக்காரங்களாவது பேரைப் பாக்க வருவாங்கல்ல."

இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. பெயர் வெட்டுகிறவரிடம் அடுத்த திங்கள் பட்டியலைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. பெனிஷா லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு ராயப்பனைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க எழுதுனதுதானே. ஒண்ணே ஒண்ணு கன்ஃபர்ம் பண்ணிடுங்க. க.இ.ன்னா கல்லறையில் இளைப்பாறுவோர்தானே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ம்" என்றார் ராயப்பன்.

முன்னால் செய்தவற்றுக்கெல்லாம் விதி என்று ஒரு சாக்கு இருந்தது. இந்த 'ம்'முக்கு அதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சூசைமேரி கேட்டாள்:

"கல்லுல வெட்டப் போறாங்களாமே. உசுரோட இருக்கறவங்களையா?"

அவர் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆலய அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டின் பின்னட்டையைத் தடவினார். உறை அங்கேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தளி பஸ் ஏறினார். தளியில் திம்மப்பன் இருந்தார். பரிசோதனைப் பிரிவில் பதினோரு வருடம் பக்கத்து மேசைக்காரர்; இப்போது பசுமைக்குடில் போட்டு ரோஜாப் பதியன் விற்கிறார்.

"என்னா மாராயா, ரிட்டையர் ஆனப்பறம் ரோஜா ஞாபகம் வந்துச்சா? சூசைமேரி கோவமா?"

"இதப் படிச்சுச் சொல்லு."

திம்மப்பன் கைமண்ணை லுங்கியில் துடைத்துக்கொண்டு கடிதத்தை விரித்தார். முதலில் கன்னடத்தில் முணுமுணுத்தார். பிறகு சிரிப்பு முகத்தைவிட்டுப் போனது. மெல்லத் தமிழில் சொன்னார்.

"இவங்க எங்க பங்குக்காரங்க. பொழைப்புக்காக அங்க வர்றாங்க. கொழந்தைக்கு இதயத்துல ஓட்டை இருக்குது. பெங்களூர்ல வைத்தியம் நடக்குது. அந்த ஊர்ல இவங்களுக்கு யாரும் இல்ல. ஒரு குடும்பத்தையாவது இவங்களுக்குத் தொணையா அனுப்பி வைங்க. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஒரு ஆளு இருந்தாப் போதும். திருமுழுக்கைத் தள்ளிப் போடாதீங்க." காகிதத்தை மடித்தார். "யாருது இது?"

ராயப்பன் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். திம்மப்பன் கடிதத்தை உறைக்குள் போட்டுக் கொடுத்தார்.

"ரெண்டாயிரத்திப் பதினேழுல நாம பக்கத்துப் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தோம்."

"ஆமா."

"டீ டயத்துல நீட்டியிருந்தா ஒரு நிமிசம்."

"ஆமா."

"அப்பறம் ஏன் நீட்டல?"

ராயப்பன் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து, தேன்கனிக்கோட்டைப் பிரிவு தாண்டும்போது பதில் தானாக வந்தது. படித்திருந்தால் சேர்த்திருக்க வேண்டும். சிவப்புப் பெட்டியில் போட்டதைத் திரும்ப எடுத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அந்தோணம்மா பாகலூர் ரோட்டுக்கு உள்ளே ஒரு லைன் வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போனார். கம்பெனி கேன்டீனில் அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். யூனிபார்ம் போட்டு, டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைத் தெரியுதாம்மா?"

"மறக்கற மொகமா, சார். உள்ள வாங்க. எங்க ஊட்டுக்குக் கடிதம் இல்லாமயே வரலாம்."

ராயப்பன் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்று, கல்லறைத் திருநாளில் படித்ததையும், கருங்கல்லையும், தான் 'ம்' சொன்னதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே சப்பாத்தியைச் சுருட்டி டப்பாவில் வைத்தாள்.

"எங்களையும் சாவடிச்சிட்டீங்களா?" ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. "மூணு பேருல ஒண்ணு நெசந்தான்."

அவர் உறையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அதுல என்னா எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும், சார். ஃபாதர் எழுதறப்ப பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

"நான் இப்பத்தான் படிச்சேன்மா. மன்னிச்சிடு."

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னீங்களா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா எப்பவோ மன்னிப்புக் கெடைச்சிருக்கும். நீங்களும் மறந்திருப்பீங்க." டப்பாவின் மூடியை அழுத்திப் பூட்டினாள். "இங்க வந்து என்கிட்ட தனியாச் சொல்றது அதே மாதிரிதான், சார். அன்னைக்குக் கல்லறைக் கேட்டுல எல்லாரையும் வெச்சுக்கினுதானே இல்லைன்னு சொன்னீங்க. இருந்துச்சுன்னும் எல்லாரையும் வெச்சுக்கினு சொல்லுங்க."

"சொல்றேன். உங்க பேரைக் கல்லுப் பட்டியல்ல இருந்து எடுத்துடறேன். குழந்தையை வெச்ச எடம்... முனிசாமி நெலத்துல..."

"அது எப்பவோ லேஅவுட்டாப் போச்சு. இப்ப அங்க ஒரு குடோன் நிக்குது. லாரி ஏறி எறங்குது." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் பிசகியது.

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அவள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். ராயப்பன் பின்னாலேயே நடந்தார்.

"அம்மா, குழந்தை பேரு என்னா?"

அவள் நின்றாள். "பேரு வைக்கலைன்னு நீங்களே எழுதிக்கிட்டீங்களே, சார். பேரு இருந்துச்சு. நீங்க கேக்கல."

"இப்பச் சொல்லும்மா."

"ரெக்கார்டுக்கா?"

அவள் வேனில் ஏறிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில், அறிவிப்பு வாசிக்கும் இடத்துக்கு ராயப்பன் போனார். ஃபாதர் மெல்வினிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். "அலுவலகத்துல வெச்சுப் பேசிக்கலாமே, ஐயா" என்று ஃபாதர் தயங்கியபோது, "கேட்டுல வெச்சுத்தான் சொன்னேன், ஃபாதர்" என்று பதில் சொன்னார். அதற்கு மேல் ஃபாதர் தடுக்கவில்லை.

மைக் முன்னால் நின்று, க.இ. என்றால் கடிதம் இல்லை என்று சொன்னார். பெனிஷா மேல் தப்பில்லை. கேட்டபோது 'ம்' சொன்னது நான் என்று சொன்னார். பிறகு நாற்பத்தொரு குடும்பங்களின் பெயர்களையும் மறுபடி படித்தார். படித்த ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'இறக்கவில்லை, நான் தள்ளினேன்' என்றார். பத்துப் பெயர் தாண்டியதும் பெஞ்சுகளில் சலசலப்பு. இருபது தாண்டியபோது அது அடங்கிவிட்டது. கடைசிக்கென்று வைத்திருந்த பெயருக்கு முன்னால் கன்னடக் கடிதத்தின் தமிழைப் படித்தார்.

"கடிதம் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னேன். சின்னராஜும் அந்தோணம்மாவும் உசுரோட இருக்காங்க. அவங்க பெண் குழந்தை இல்ல. அதோட பேரு எனக்குத் தெரியாது. நான் கேக்கல."

இறங்கி வந்தபோது சூசைநாதன் அவர் தோளைத் தட்டினார். "விடுங்க, அண்ணே. ரூல்படிதானே செஞ்சீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ராயப்பன் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் கிடைத்த அந்த ஆறுதல் அவருக்குக் கசந்தது. இன்னும் இரண்டு பேர், பழசைக் கிளறி ஆலயத்தின் மானத்தை வாங்கியதாகச் சொல்லிவிட்டு நகர்ந்து போனார்கள். கருங்கல் யோசனை அதோடு நின்றது. கல்லை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பவும் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். கடிதம் கேட்கும் வழக்கத்தை இன்றோடு விட்டாயிற்று என்று ஃபாதர் மெல்வின் அறிவித்தார். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவர்களில் ஒருவரும் ஆலயத்தில் இல்லை.

வாசலில் பெனிஷா லேப்டாப் பையோடு காத்திருந்தாள். அழுத முகம்.

"அங்கிள், செத்தவங்கன்னு மைக்குல படிச்சது நான். இந்த நாப்பத்தியொரு ஊட்டுக்கும் யாரு போறது?"

"நான் போறேன்."

"வான்னு கூப்பிடறதுக்கா?"

"இல்ல. எந்த மொகத்தோட கூப்பிடறது? செஞ்சதச் சொல்லிட்டு வரணும், அவ்வளவுதான். வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்."

திங்கட்கிழமை காலையில் அவர் முதலில் போனது பேடரப்பள்ளிக்கு. பட்டறை பூட்டிக் கிடந்தது. பின்னால் இருந்த வீட்டுக் கதவைத் தட்டினார். பிரகாசத்தின் மனைவி ஜோதிமேரி திறந்தாள். அவள் இவரைப் பார்த்ததில்லை. அன்று மேசைக்கு முன்னால் நின்றவன் பிரகாசம் மட்டும். அவர் கழுத்தில் தொங்கிய சிலுவையைக் கண்டதும் அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஊர்ப் பக்கத்து ஆளாக இருக்குமோ என்ற நினைப்பாக இருக்கலாம்.

"அவரு லோடு எடுக்கப் போயிருக்காரு. கோவில்லேருந்து வரீங்களா, சார்? நீங்க எந்தப் பங்கு?"

ராயப்பன் வாயைத் திறந்தார். கையில் காட்டுவதற்குக் கடிதம் இல்லை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.